குசினி சிங்க் மாற்றமுன் எதை அளப்பது? – வாசகர் கேள்வி பதில்

குசினி சிங்க் மாற்றுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். பலர் பழைய சிங்க்கின் வெளி விளிம்பை மட்டும் அளந்துகொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போயிருக்கிறார்கள். அதனால் முதல் கேள்விக்கான பதில் நீளமாக இருக்கிறது. மற்றப் பதில்களுக்கும் அதுதான் அடித்தளம்.

கேள்வி: எங்கள் குசினியில் கிரனைட் மேடை. அதன் மேல் விளிம்பு படியும்படி வைத்த சில்வர் சிங்க், தண்ணீர் வெளியேறும் வேஸ்டைச் சுற்றி அரித்துக் கீழே சொட்டுகிறது. வெளி அளவு 33 அங்குல நீளம், 20 அங்குல அகலம். அதே அளவில் புதிது வாங்கினால் அப்படியே உட்காருமா?
– வாசகி, உவர்மலை

பதில்: உட்காரலாம், உட்காராமல் உள்ளே விழவும் கூடும். 33க்கு 20 என்பது விளிம்பின் அளவு. அந்த விளிம்பு மறைத்துக்கொண்டிருக்கும் கிரனைட் ஓட்டைதான் எந்தச் சிங்க் வரும், எது வராது என்று தீர்மானிக்கிறது.

பழைய சிங்க்கைக் கழற்றாமலே அந்த ஓட்டையை அளக்கலாம். கீழ்க் கபேட்டைக் காலியாக்கி, டோர்ச் அடித்து மேலே பாருங்கள். தொட்டிக்கும் கிரனைட்டின் வெட்டு முகத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். சில வீடுகளில் பழைய சிலிக்கனும் சீமெந்தும் அதை மூடியிருக்கும். கத்தி நுனியால் சுரண்டிவிடுங்கள். தொட்டி நடுவில் தொங்குவதால் ஓட்டைக்குக் குறுக்கே நேராக ரேப் பிடிக்க முடியாது. கழித்துத்தான் எடுக்க வேண்டும். கபேட்டின் உள் அகலத்தை எடுங்கள். இடப் பலகையிலிருந்து ஓட்டையின் இட ஓரம் வரை, வலப் பலகையிலிருந்து வல ஓரம் வரை எடுங்கள். உள் அகலம் 34½, இடப்பக்கம் 1¼, வலப்பக்கம் 1½ என்றால் ஓட்டையின் நீளம் 31¾ அங்குலம். மில்லிமீற்றரில் 806. முன்பின் அளவும் இப்படியே. முன் சட்டத்திலிருந்து பின் சுவர் வரை 22½, முன்னால் 1¼, பின்னால் 2½ என்றால் ஓட்டையின் அகலம் 18¾ அங்குலம், 476 மி.மீ. நீளத்தை முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும், அகலத்தை இட ஓரத்திலும் வல ஓரத்திலும் எடுத்துப் பாருங்கள். கையால் வெட்டிய ஓட்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். சிங்க் தொங்குவதற்குச் சின்ன அளவை நம்புங்கள், விளிம்பு மூடுவதற்குப் பெரிய அளவை நம்புங்கள்.

ரேப்பின் நுனிக் கொக்கி கொஞ்சம் முன்பின் ஆடும். அது பழுதல்ல. கொக்கியின் தடிப்பளவுக்கு ஆடும்படியே செய்திருக்கிறார்கள், இழுத்து அளந்தாலும் முட்டி அளந்தாலும் கணக்குச் சரிவர வேண்டும் என்பதற்காக. கொக்கி வளைந்திருந்தால்தான் பிழை வரும்.

இனிக் கடையில் பார்க்க வேண்டியவை. புதிய சிங்க்கின் விளிம்பு ஓட்டையை ஒவ்வொரு பக்கமும் குறைந்தது ⅜ அங்குலமாவது மூட வேண்டும். உங்கள் ஓட்டை மேலே காட்டிய உதாரண அளவில் இருந்தால், வெளி அளவு 32½க்கு 19½ அங்குலத்துக்குக் குறையக் கூடாது. விளிம்புக்குக் கீழே இறங்கும் உடல், கிளிப் மாட்டும் பட்டியோடு சேர்த்து, 806க்கு 476க்குள் அடங்க வேண்டும். மேலே, பின் விளிம்பு சுவர் டைல்ஸில் முட்டக் கூடாது. இந்த மூன்றும் சரிவந்தால் கிரனைட்டில் கை வைக்காமலே மாற்றிவிடலாம்.

அங்குலத்தில் சொல்லும் அளவுகள் பெரும்பாலும் கிட்டத்தட்டச் சொல்பவை. 800 மி.மீ. சிங்க்கைக் கடையில் 32 அங்குலம் என்பார்கள். உண்மையில் அது 31½. உங்கள் ஓட்டை 31¾. நீளவாக்கில் விளிம்பு எதிலும் படியாது. ஆகவே சிங்க்கோடு வரும் கடதாசியில் உள்ள மில்லிமீற்றர் அளவைப் பாருங்கள். அதில் இரண்டு அளவு இருக்கும்: ஒன்று வெளி அளவு, மற்றது வெட்டு அளவு. மேலே வைக்கும் சிங்க்குகளில் வெட்டு அளவு வெளி அளவைவிட வழமையாக 20 மி.மீ. குறைவு, 860க்கு 500 சிங்க்குக்கு 840க்கு 480 என்பதுபோல. ஆனால் எல்லாக் கம்பனியும் ஒன்றல்ல, கடதாசிதான் பேச வேண்டும்.

கடைசியாக மூலைகள். பழைய அச்சு சிங்க்குகளின் மூலை நன்றாக வளைந்திருக்கும், அதற்கேற்பக் கிரனைட்டையும் வளைத்து வெட்டியிருப்பார்கள். இப்போது வருபவை பெட்டிபோல் சதுர மூலை. நீளமும் அகலமும் பொருந்தியும் நாலு மூலையும் முட்டி நிற்பது இதனால்தான். மூலைமட்டத்தை வைத்து, மூலைப் புள்ளியிலிருந்து எத்தனை அங்குலத்தில் வளைவு தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூலையைத் திறக்க வேண்டி வந்தாலும் கூர்மையான உள்மூலை வெட்ட விடாதீர்கள். கிரனைட் வெடிப்பது அந்த முனையிலிருந்துதான். சிறு வளைவு கட்டாயம் மிஞ்ச வேண்டும்.

பழைய சிங்க்கைத் தூக்கிய பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். ஓட்டை 30க்கு 16 அங்குலமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 34 வர வேண்டும். உங்கள் ஓட்டைக்கு 36⅞ வரும். கால் அங்குல வித்தியாசத்தை விளிம்பு மறைத்துவிடும். அதற்கு மேல் என்றால் ஓட்டை கோணலாக இருக்கிறது. கடதாசி மட்டையில் ஓட்டையை வரைந்து வெட்டி, அந்த மட்டையைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சிங்க்கைக் கவிழ்த்து அதன் மேல் வைத்துப் பார்ப்பதுதான் வழி.

கேள்வி: எங்கள் தண்ணிப் பைப் சுவரில் இருக்கிறது. அகலமான சிங்க் வாங்கினால் தண்ணீர் சரியான இடத்தில் விழுமா?
– வாசகர், மட்டிக்களி

பதில்: பைப்பின் வாயில் ஒரு நூலைக் கட்டி, நுனியில் நட் ஒன்றைத் தொங்கவிடுங்கள். டைல்ஸ் முகத்திலிருந்து நூல் வரை உள்ள தூரத்தை அளங்கள். அதுதான் தண்ணீர் விழும் இடம். புதிய சிங்க்கை வைத்தால் சுவரிலிருந்து தொட்டியின் பின்சுவர் எங்கே வரும், வேஸ்ட் எங்கே வரும் என்று கணக்குப் போடுங்கள். நூல் 7 அங்குலத்தில் நின்று, தொட்டியின் பின்சுவர் 5 அங்குலத்தில் தொடங்கினால் தண்ணீர் விழும், ஆனால் பின்சுவரில் பட்டுத் தெறிக்கும். தொட்டியின் நடுவுக்கு 2 அங்குலம் முன்பின்னாக விழுந்தால் நல்லது. கழுத்து நீண்ட பைப் மாற்றுவது சிங்க் மாற்றுவதைவிடச் சுகம், செலவும் குறைவு. பைப் வாய்க்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள உயரத்தையும் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரிய பானை நிமிர்ந்தபடி அதற்குள் போக வேண்டும்.

சுவர்ப் பைப் உள்ளவர்கள் பைப் ஓட்டை இல்லாத சிங்க்கைக் கேட்டு வாங்குங்கள். ஓட்டையோடுதான் கிடைக்கிறது என்றால் 35 மி.மீ. மூடி ஒன்று சேர்த்து வாங்குங்கள். அந்த ஓட்டையைத் திறந்து விட்டால் தண்ணீர் கபேட்டுக்குள் இறங்கிப் பலகையை ஊதவைத்துவிடும்.

கேள்வி: ஆழமான தொட்டி வேண்டும் என்று 10 அங்குல ஆழத்தில் வாங்கிப் பூட்டினோம். தண்ணீர் இழுபட்டுப் போகிறது, வேஸ்டிலிருந்து மணக்கிறது. பைப் பூட்ட வந்தவர் சுருக்கு ஹோஸ் ஒன்றை வளைத்துச் செருகிவிட்டுப் போனார். மேடை உயரம் 34 அங்குலம். சுவரில் உள்ள கழிவுக் குழாய் தரையிலிருந்து 20½ அங்குலத்தில் இருக்கிறது.
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: அளவுகளை எழுதியிருப்பதால் காரணம் உடனே தெரிகிறது. உங்கள் வீட்டில் தண்ணீர் மேட்டில் ஏறிப் போக வேண்டியிருக்கிறது.

கணக்கு இதுதான். மேடை உயரத்திலிருந்து தொட்டியின் ஆழத்தைக் கழியுங்கள்: 34 கழித்தல் 10, மிச்சம் 24. தொட்டிக்குக் கீழே வேஸ்டும் அதன் நட்டும் 3 முதல் 3½ அங்குலம் பிடிக்கும். மணம் மேலே வராமல் தண்ணீரைத் தேக்கிவைக்கும் போத்தல் ட்ராப்பின் மேல் நட்டிலிருந்து அதன் பக்கவாயின் நடு வரை இன்னும் 2 முதல் 2½ அங்குலம். இரண்டும் சேர்த்து 6 என்று வைத்தால் 24 கழித்தல் 6, வருவது 18. சுவர்க் குழாயின் நடு 18 அங்குலத்திலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். உங்களுடையது 20½. இரண்டரை அங்குலம் மேலே நிற்கிறது. ட்ராப்புக்குள் எப்போதும் நிற்க வேண்டிய 2, 3 அங்குலத் தண்ணீருக்கு மேலதிகமாக, ஹோஸிலும் வேஸ்டுக்குள்ளும் அழுக்குத் தண்ணீர் தேங்குகிறது. கழுவிய தண்ணீரின் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தேங்காய்த் துருவலும் சுருக்கு ஹோஸின் மடிப்புகளில் படிந்து புளிக்கின்றன. மணம் அதிலிருந்துதான்.

உங்கள் குழாய் உயரத்துக்கு அதிகபட்சத் தொட்டி ஆழம் 7½ அங்குலம்: 34 கழித்தல் 6 கழித்தல் 20½. வாங்கமுன் இந்தக் கழித்தலைச் செய்திருந்தால் போதும். சிங்க் வாங்கியாயிற்று என்பதால் இனி இரண்டு வழி. சுவரைக் கொத்திக் குழாயின் வாயை 17 அங்குலத்துக்கு இறக்கலாம். வெளியே அது சேரும் குழியின் மட்டம் அதற்கும் கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குழாய் ஒவ்வொரு அடிக்கும் கால் அங்குலம் சரிய வேண்டும். சுவரிலிருந்து குழி 8 அடி தூரம் என்றால் 2 அங்குலம் இறக்கம் தேவை. மற்ற வழி, வேஸ்டின் பக்கவாட்டிலேயே தண்ணீர் வெளியேறும் தட்டையான வேஸ்டும் இடம் பிடிக்காத ட்ராப்பும் வாங்குவது. இதில் 2 அங்குலத்துக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம், ஆனால் உங்கள் இரண்டரைக்கு மட்டுமட்டாகத்தான் வரும். எங்கள் பரிந்துரை சுவரைக் கொத்துவது. ஒரு நாள் தூசு, அதோடு பிரச்சினை முடியும்.

சுவர்க் குழாயின் நடுவை அளப்பது எப்படி என்று சிலர் கேட்பார்கள். தரையிலிருந்து குழாயின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் எடுத்துக் கூட்டி இரண்டால் வகுத்தால் நடு. அதோடு குழாயின் வெளி விட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒன்றரை இஞ்சி என்பது வெளி விட்டம் 50 மி.மீ., இரண்டு இஞ்சி என்பது 63 மி.மீ. ட்ராப்பின் வாய் அதைவிடச் சிறிதாக இருந்தால் நடுவில் ரப்பர் ரிடியூசர் வேண்டும். சீலைத் துணியைச் சுற்றிச் செருகுவதும் சீமெந்து பூசுவதும் கரப்பான் பூச்சிக்குக் கதவு திறந்து விடுவதற்குச் சமம்.

பழைய வேஸ்டைப் புதிய சிங்க்கில் பூட்ட எண்ணாதீர்கள். பழைய சிங்க்குகளின் வேஸ்ட் ஓட்டை 2 அங்குலமளவில் இருக்கும். புதியவற்றில் கூடை வைக்கும் 3½ அங்குல ஓட்டை வருகிறது. வேஸ்டைச் சிங்க்கோடு சேர்த்தே வாங்குங்கள், கூடையைத் தூக்கிப் பார்த்து அடியில் உள்ள ரப்பர் வளையம் மெத்தென்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: தட்டு வடிய வைக்கும் பக்கம் இடமா வலமா என்று கடையில் கேட்கிறார்கள். எப்படிச் சொல்வது?
– வாசகர், பாலையூற்று

பதில்: ‘இடப்பக்க சிங்க்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். சிலர் தொட்டி இருக்கும் பக்கத்தைச் சொல்வார்கள், சிலர் வடிபலகை இருக்கும் பக்கத்தைச் சொல்வார்கள். ‘சிங்க்குக்கு முன்னால் நின்று பார்த்தால் தொட்டி இடப்பக்கம், வடிபலகை வலப்பக்கம்’ என்று இரண்டையும் சொல்லுங்கள், அல்லது ஒரு துண்டில் வரைந்து காட்டுங்கள். வேஸ்டின் இடத்தை ஒட்டியே முடிவெடுங்கள்: சுவர்க் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தொட்டி வந்தால் ட்ராப் குறுகிய தூரத்தில் முடியும். இரட்டைத் தொட்டி வாங்குபவர்கள் இரண்டு வேஸ்டையும் மேலேயே ஒன்றாக்கி ஒரே ட்ராப்பில் விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ராப் போட்டு ஒன்றின் பின் ஒன்றாக இணைத்தால் நடுவில் காற்று அடைபட்டுத் தண்ணீர் களக் களக் என்று நிற்கும்.

கேள்வி: எங்களுடையது கம்பி கட்டிக் கொங்கிறீட் போட்டு, மேலே டைல்ஸ் பதித்த மேடை. மேடைக்கு அடியில் மாட்டும் சிங்க்தான் வடிவாக இருக்கிறது. போட முடியுமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: வேண்டாம் என்று சொல்வோம். அடியில் மாட்டும் சிங்க்குக்கு ஓட்டையின் வெட்டு முகம் கண்ணுக்குத் தெரியும். கிரனைட்டில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். கொங்கிறீட்டில் டைல்ஸ் ஓரமும் மண்ணும் கல்லும் சேர்ந்த முகம்தான் தெரியும், தண்ணீர் அதற்குள் ஊறும். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதிய கம்பி கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். கிண்ணியாவின் உப்புக் காற்றில் இது தாமதிக்காது.

மேலே வைக்கும் சிங்க்கே பொருத்தம். அதற்கு முதலில் மேடையின் தடிப்பை ஓட்டைக்குள் கைவிட்டு டைல்ஸோடு சேர்த்து அளங்கள். இத்தகைய மேடைகள் 2½ முதல் 3½ அங்குலம் இருக்கும். சிங்க்கோடு வரும் கிளிப்புகள் ஒன்றரை அங்குலத் தடிப்புக்கு மேல் எட்டாது. கிளிப் எட்டாவிட்டால் விளிம்பின் அடியில் சுற்றிவரச் சிலிக்கன் வைத்துப் படியவைத்து, தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பிப் பாரம் கொடுத்து ஒரு நாள் விட்டுவிடுவதுதான் முறை. தொட்டி பெரிதாக இருந்தால் இரண்டு பக்கக் கல் கட்டுகளுக்கும் நடுவே பலகை ஒன்றைக் கிடையாக வைத்து அடியில் தாங்கல் கொடுங்கள். சீமெந்தை நேரடியாகச் சிங்க்கின் அடியில் திணிக்க வேண்டாம். அடுத்த தடவை மாற்ற வரும்போது சுத்தியலால் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஓட்டையைப் பெருப்பிக்க வேண்டி வந்தால் முன்பக்கத்தில் தொடாதீர்கள். முன் ஓரத்துக்கும் ஓட்டைக்கும் இடையில் 3 அங்குலமாவது நிற்க வேண்டும், கம்பி அங்கேதான் பாரம் தாங்குகிறது. பக்கவாட்டில் வெட்டும்போது கம்பி தெரிந்தால் துரு தடுக்கும் பெயின்ற் பூசிச் சீமெந்துக் கலவையால் மூடிவிடுங்கள். விளிம்பு படியும் இடத்தில் டைல்ஸ் இடுக்குகள் பள்ளமாக இருந்தால் அவற்றை முதலில் நிரப்பி ஸ்பிரிட் லெவலை நாலு பக்கமும் வைத்துப் பாருங்கள். சிலிக்கனுக்கு அடியால் தண்ணீர் நுழைவது இந்த இடுக்குகள் வழியாகத்தான்.

கேள்வி: கடற்கரைக்கு மிக அருகில் வீடு. முந்தைய சிங்க்கில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து ஓட்டையாகிவிட்டது. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல இரும்பு என்கிறார்கள், உண்மையா?
– வாசகர், நிலாவெளி

பதில்: பாதி உண்மை. காந்தம் இறுகப் பிடித்தால் அது நிக்கல் இல்லாத மலிவு வகை, விட்டுவிடலாம். ஒட்டாவிட்டால் அது 304 வகையாகவும் இருக்கலாம், நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்த்த 201, 202 வகையாகவும் இருக்கலாம். காந்தத்துக்கு இவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாது. 304 வகையில் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். அதனால்தான் அதை 18/8 என்றும் எழுதுவார்கள். 304 தொட்டியின் வளைத்த மூலைகளில் காந்தம் இலேசாக ஒட்டக்கூடும். அதைக் கண்டு ஏமாற்று என்று முடிவுகட்ட வேண்டாம். சிங்க்கின் அடியிலோ பெட்டியிலோ 304 என்று பதித்திருப்பதையும் பில்லில் அதே எண் எழுதியிருப்பதையும் கேட்டு வாங்குங்கள்.

தடிப்பை விளிம்பில் பார்க்காதீர்கள். விளிம்பு மடித்திருப்பதால் தடிப்பாகத் தெரியும். வேஸ்ட் ஓட்டையின் ஓரத்தில் வெறும் தகடு தெரியும், அங்கே தடிப்பு அளக்கும் கலிப்பர் வைத்துப் பாருங்கள். 0.8 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டுப் பாவனைக்கு நல்லது. கேஜ் கணக்கில் சொன்னால் எண் கூடக் கூடத் தகடு மெல்லிசு; 18 கேஜ் 22 கேஜைவிடத் தடிப்பு.

இவ்வளவு பார்த்து வாங்கினாலும் 304க்கும் உப்பு பகை. கருவாட்டையும் உப்பிட்ட மீனையும் தொட்டியிலேயே ஊறவிட்டு இரவு முழுக்க வைப்பது, வெளுக்கும் திரவத்தை ஊற்றி அப்படியே விடுவது, இரண்டும் சின்னச் சின்னக் குழியாக அரிக்கும். வெளுக்கும் திரவப் போத்தலைச் சிங்க்குக்குக் கீழே கபேட்டில் வைத்தாலும் அதன் ஆவி தொட்டியின் அடிப்பக்கத்தைத் தின்னும். அநேகர் கவனிக்காத இடம் இது. இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள்கள் ஒட்டிநின்று துருப்பிடிக்கும். உப்புக் கலந்த கிணற்றுத் தண்ணீர் பாவிப்பவர்கள் இரவில் தொட்டியைத் துணியால் துடைத்து உலரவிட்டாலே பழுப்புப் புள்ளிகள் பெருமளவு குறையும்.

கேள்வி: கொழும்பிலிருந்து சிங்க் எடுப்பிக்கப் போகிறோம். தொலைபேசியில் என்னென்ன அளவு சொல்ல வேண்டும்? இங்கே ஓட்டையை முன்கூட்டியே வெட்டி வைக்கலாமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வெட்டக் கூடாது. சிங்க் வீட்டுக்கு வந்து, பெட்டி திறந்து, கையில் உள்ள சிங்க்கை நீங்களே அளந்த பிறகுதான் கிறைண்டரை எடுக்க வேண்டும். ஓட்டையைப் பெருப்பிக்கலாம், சிறுப்பிக்க முடியாது.

அளவுகளை எல்லாம் மில்லிமீற்றரில் ஒரே தாளில் எழுதிப் படமாக அனுப்புங்கள். அங்குலமும் சென்ரிமீற்றரும் கலந்து சொன்னால் மறுமுனையில் இருப்பவர் ஏதோ ஒன்றை மாற்றி எழுதுவார். தாளில் ஓட்டையின் நீளமும் அகலமும், மூலை வளைவு, மேடையின் தடிப்பு, முன் ஓரத்திலிருந்து சுவர் வரை மேடையின் அகலம், கபேட்டின் உள் அகலம் இருக்க வேண்டும். தரையிலிருந்து மேடை உயரமும் கழிவுக் குழாயின் நடுவும் இருந்தால்தான் ஆழத்தைத் தெரியலாம். பைப் சுவரிலா சிங்க்கிலா என்பதும் தொட்டி எந்தப் பக்கம் என்பதும் அதிலேயே. ‘இந்த ஓட்டைக்கு வருமா?’ என்று கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வெட்டு அளவு போட்ட வரைபடத்தை அனுப்பும்படி கேளுங்கள். அது இல்லாமல் பணம் கட்ட வேண்டாம்.

பைப் சிங்க்கில் பூட்டுவது என்றால், பைப்புக்கு வரும் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்வு இரண்டும் தரையிலிருந்து எந்த உயரத்தில் இருக்கின்றன என்றும் பாருங்கள். ஆழமான தொட்டி அவற்றை மறைத்துக் கை போகாமல் செய்துவிடும். ஹோஸ் 18 அங்குலம் எட்டாவிட்டால் 24 வாங்குங்கள், இழுத்துப் பூட்டிய ஹோஸ் நட் அடியில் கசியும்.

சிலவேளை பெட்டிக்குள் வெட்டு மாதிரி அச்சிட்ட கடதாசி இருக்கும். அதன் மேல் ரேப்பை வைத்து, எழுதியிருக்கும் எண்ணும் அச்சிட்ட கோடும் ஒன்றா என்று பார்க்காமல் பாவிக்காதீர்கள். கடதாசி இல்லாவிட்டால் சிங்க்கைக் கவிழ்த்து மட்டையில் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்கு உள்ளே 10 மி.மீ. தள்ளி இன்னொரு கோடு. வெட்ட வேண்டியது உள் கோடு. வெளிக் கோட்டைக் குறுக்குக் கோடுகளால் அடித்துவிடுங்கள், மேசனுக்கு ஒரே ஒரு கோடுதான் தெரிய வேண்டும். வெட்டும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டச் சொல்லுங்கள். காய்ந்த கிரனைட் தூசி நெஞ்சுக்குக் கேடு, வெட்டுபவர் முகமூடி இல்லாமல் நிற்கவே கூடாது.

கேள்வி: நீங்கள் செய்யக்கூடாது என்று சொல்லும் வேலையைத்தான் செய்துவிட்டார்கள். வெளிக் கோட்டிலேயே வெட்டிவிட்டார்கள். சிங்க் விளிம்பு பின்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் படியவில்லை. கிரனைட் முழுவதையும் மாற்ற வேண்டுமா?
– வாசகி, மூதூர்

பதில்: அவசரப்பட்டுக் கிரனைட்டை உடைக்க வேண்டாம். இப்போதுள்ள ஓட்டையை அளந்து, அதைவிட ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் பெரிய விளிம்புள்ள சிங்க் கிடைக்கிறதா என்று பாருங்கள். கபேட்டின் உள் அகலமும் சுவர்ப் பக்க இடமும் இடம்கொடுத்தால் அதுவே மலிவான தீர்வு. இந்தச் சிங்க்கைப் பாவிக்காமல் பெட்டியோடு வைத்திருந்தால் கடையில் மாற்றிக் கேளுங்கள்.

அது சரிவராவிட்டால், வெட்டி எடுத்த அதே கிரனைட் துண்டிலிருந்து இரண்டு பட்டிகள் அறுத்து ஒட்டலாம். பட்டி ஒன்றரை அங்குல அகலமாவது இருக்க வேண்டும், அதைவிடச் சன்னமானது ஒட்டும்போதே முறியும். அதற்கு இடம் வரும்படி ஓட்டையை அந்த இரண்டு பக்கத்திலும் நேராக்கிக்கொள்ளுங்கள். வெறும் பசை பாரம் தாங்காது: அடியில் கிரனைட்டுக்கும் பட்டிக்கும் சேர்த்து துருப்பிடிக்காத கோண இரும்போ நல்ல மரச் சட்டமோ கபேட் பலகையில் ஆணியல்லாமல் ஸ்குரூவால் பிடித்து, அதன் மேல் பட்டியை எபொக்சியில் உட்கார வையுங்கள். ஒட்டும் முகங்கள் இரண்டும் காய்ந்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பட்டியின் மேல்மட்டம் கிரனைட்டோடு ஒன்றாக இருக்கிறதா என்று நேரான தடியால் பாருங்கள். மேடாக இருந்தால் கிறைண்டரால் தேய்க்கலாம். பள்ளமாக இருந்தால் சிலிக்கன் கொஞ்சம் தடிப்பாக வைத்தால் போதும். பின்பக்கப் பட்டியின் இணைப்பு சிங்க் விளிம்புக்கு வெளியே தெரிந்தால், கிரனைட்டின் நிறத்துக்குக் கிட்டிய எபொக்சியை அந்தக் கோட்டில் நிரப்பித் தேய்த்துவிடுங்கள்.